டயட்டீஷியன் ஆக வேண்டுமா? படிப்பு முதல் ஆர்டி தேர்வு வரை

இந்தியாவில் 'ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்', சுருக்கமாக ஆர்டி, என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வழி இதுதான். முதலில் ஊட்டச்சத்துப் பாடத்தில் இளநிலைப் பட்டம். அதற்கு மேல் எம்.எஸ்சி., அல்லது உணவியலில் முதுநிலை டிப்ளமோ. பிறகு பெரிய மருத்துவமனை ஒன்றில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். அப்புறம் இந்திய உணவியல் சங்கம், அதாவது ஐடிஏ, நடத்தும் தேர்வு. எம்.எஸ்சி. வழியில் போனால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது ஐந்தரை ஆண்டு ஆகும்.

நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளை வார்டுக்குக் கூட்டிப்போவதும், அவர்களுடைய லாக் புக்கை, அதாவது பயிற்சிக் குறிப்பேட்டை, திருத்திக் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் அலைகிற குடும்பங்கள், இன்டர்ன்ஷிப் இடத்தை மட்டும் 'வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது' என்று ஒரே நாளில் முடிவு செய்துவிடுகின்றன. அக்கறை காட்ட வேண்டிய இடமே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

படிப்பு

பள்ளியில் வேதியியலும் உயிரியலும் படித்திருந்தால் நல்லது. மனையியல் படித்தவர்களையும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் உயிர்வேதியியல் வகுப்பில் அவர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு வயது அதிகம். கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் 1957-இல் பெண்களுக்கான மனையியல் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கே ராஜம்மாள் தேவதாஸ் வளர்த்தெடுத்த ஊட்டச்சத்துத் துறையிலிருந்து வந்தவர்கள் இன்று பல மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, எத்திராஜ், ஸ்ரீ ராமச்சந்திரா, கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி என்று வேறு இடங்களும் உண்டு.

சேரும் முன் பட்டத்தின் முழுப் பெயரை ஐடிஏ தளத்தில் உள்ள ஆர்டி தகுதி விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஃபுட் டெக்னாலஜி' என்பது உணவுத் தொழிற்சாலைக்கான படிப்பு. நல்ல படிப்புதான், நல்ல வேலையும் கிடைக்கும். ஆனால் நோயாளிக்கு டயட் எழுதும் படிப்பு அது அல்ல. அதுவும் 'ஃபுட் அண்ட் நியூட்ரிஷன்' படிப்பும் 'ஃபுட்' என்று தொடங்குவதால் தெரியாமல் சேர்ந்துவிட்டு எம்.எஸ்சி. முடித்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அஞ்சல் வழியில் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2025 கல்வியாண்டிலிருந்து உணவு, ஊட்டச்சத்து, உணவியல் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. அது சரியான முடிவு. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் வரும் மூன்று மாத 'சர்டிஃபைடு டயட்டீஷியன்' வகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் ஏதாவது தெரிந்துகொள்ளலாம், ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து ஆர்டி தேர்வு எழுத முடியாது.

இன்டர்ன்ஷிப்பை எங்கே செய்வது

மருத்துவமனையில் இடம் கேட்கப் போகும்போது நாமும் சில கேள்விகள் கேட்க வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள். அங்கே ஆர்டி தகுதி உள்ள டயட்டீஷியன் இருக்கிறாரா? அவர்தான் உங்களுக்குக் கையெழுத்துப் போடப் போகிறாரா? டயாலிசிஸ், இதய நோய், புற்றுநோய், ஐசியு, குழந்தைகள் பிரிவு எல்லாம் உண்டா? உங்களை எல்லா இடத்துக்கும் சுற்றவிடுவார்களா, அல்லது ஆறு மாதமும் ஓபி அறையில் உட்கார்ந்து அச்சடித்த சர்க்கரை நோய் டயட் தாளைக் கொடுக்கச் சொல்வார்களா? சமையலறை மருத்துவமனைக்குச் சொந்தமா, கான்ட்ராக்ட்டா? கான்ட்ராக்டாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே போய் நிற்க உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். கூடவே, அந்த இடத்தை ஐடிஏ ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறு மாதம் முடித்த பிறகு பார்க்கலாம் என்று விட வேண்டாம்.

வந்தவுடன் நான் கற்றுக்கொடுப்பது, 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்பது. இருபத்துநாலு மணி நேர உணவு விவரம் எடுப்பது என்று பாடத்தில் இரண்டு பக்கம் இருக்கும். கட்டில் பக்கத்தில் அது வேறு மாதிரி நடக்கும்.

"ஐயா, நேத்து காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு இட்லிம்மா."

புதிதாக வந்த பிள்ளை 'இட்லி 2' என்று எழுதிவிட்டு மதியத்துக்குப் போய்விடும். நான் நிறுத்துவேன். எத்தனை மணிக்கு எழுந்தார்? எழுந்ததும் என்ன? டீ. வீட்டிலா, கடையிலா? கடையில். டீயோடு ஏதாவது? வடை ஒன்று, சில நாள் இரண்டு. டீயில் சர்க்கரை? இட்லிக்குத் தொட்டுக்கொள்ள சாம்பாரா, தேங்காய்ச் சட்னியா, எண்ணெய் ஊற்றிய பொடியா? வீட்டு இட்லியா, கடையில் வாங்கியதா? இப்படிக் கேட்டால் அந்தக் காலை உணவின் எடை இரண்டு மடங்காகிவிடும். அவர் பொய் சொல்லவில்லை. டீக்கடை வடையைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எண்ணெயையும் உப்பையும் கரண்டிக் கணக்கில் கேட்கவே கேட்காதீர்கள். சமைப்பவரிடம் மாதக் கணக்கு கேளுங்கள். மளிகை லிஸ்ட் அவர்களுக்கு மனப்பாடம். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர். ஒரு நாளைக்குச் சுமார் 33 மில்லி, எடையில் 30 கிராம், அதாவது 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும். அதே வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இதில் சேரவில்லை. ரத்த அழுத்த நோயாளியின் மனைவியிடம் இந்தக் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டினால், அந்த அம்மா அடுத்த முறை வரும்போது பாக்கெட் எத்தனை நாள் வந்தது என்று தானாகவே சொல்வார்.

அடுத்து டயாலிசிஸ் பிரிவு. ஓர் இன்டர்ன் அதிகம் கற்றுக்கொள்ளும் இடம் இது. சிறுநீரகம் கெட ஆரம்பித்த காலத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 36 முதல் 48 கிராம் வரை. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் வெளியே போகின்றன, அதனால் அதே ஆளுக்கு 60 முதல் 72 கிராம் வேண்டும். ஆனால் வீட்டில் பழைய தாள்தான் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும். பருப்பு கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது. மனிதர் மெலிந்துகொண்டே போவார், குடும்பம் இன்னும் கறாராகப் பத்தியம் காக்கும். பாசத்தில் செய்வது அது. "இப்போ ரெண்டு முட்டை வெள்ளைக்கரு கொடுக்கலாம்மா, கொடுக்கணும்" என்று அவர்களை நம்பவைப்பது எளிதல்ல. முன்பு சொன்னதும் சரி, இப்போது சொல்வதும் சரி என்று பொறுமையாக விளக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் இதை நேரில் பார்த்த பிள்ளை தேர்விலும் மறக்காது, வேலையிலும் மறக்காது.

அதே வார்டில் உணவில் பொட்டாசியத்தைக் குறைப்பதையும் கற்றுக்கொள்ளலாம். காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்ல வேண்டும். இளநீர் வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடம்புக்குக் குளிர்ச்சி என்று பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் வாங்கி வருவார்கள். தண்ணீர்க் கணக்கில் ரசமும் மோரும் கஞ்சியும் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். 'தண்ணி நான் குடிக்கிறதே இல்லைம்மா' என்பவர் மூன்று டம்ளர் மோர் குடித்திருப்பார்.

காலை ஆறு மணிக்குச் சமையலறையில் நிற்கச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகள் உண்டு. எம்.எஸ்சி. படித்துவிட்டு ட்ராலி பின்னால் போவதா என்ற எண்ணம். ஆனால் நீங்கள் கேஸ் ஷீட்டில் 'உப்பு குறைந்த சாஃப்ட் டயட்' என்று எழுதியது தட்டில் எப்படி வந்து சேருகிறது என்று பார்க்காவிட்டால் எழுதியதற்கு அர்த்தமில்லை. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருக்கும்போது தட்டு மாறாமல் எப்படி லேபிள் ஒட்டுகிறார்கள், மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் திரவ உணவை, அதாவது ஃபீடை, எப்படிக் கலக்கி வடிகட்டுகிறார்கள், கலக்கிய நேரத்தை ஏன் எழுதி வைக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கலக்கிய பவுடர் ஃபீட் அறை வெப்பத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பாடத்தில் ஒரு வரி. நர்ஸ் அவசரமாக வேறு நோயாளியிடம் போய்விட்ட வேளையில் அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போவதுதான் வேலை.

லாக் புக்கை அன்றன்றே எழுதுங்கள். எடை, உயரம், ரத்தப் பரிசோதனை, கடந்த சில மாதத்தில் எடை குறைந்ததா, என்ன டயட் கொடுத்தீர்கள், மூன்று நாள் கழித்து என்ன ஆயிற்று. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டயட் எழுதியதோடு கேஸ் முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் இங்கேயே போக வேண்டும்.

தேர்வு

விண்ணப்பிக்க ஐடிஏ ஆயுள் உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கலாம், எனவே இன்டர்ன்ஷிப் நடக்கும்போதே உறுப்பினராகிவிடுங்கள். தேதியும் கட்டணமும் சங்கத்தின் தளத்தில் வரும். அங்கே பார்ப்பதை மட்டும் நம்புங்கள், வாட்ஸப் ஃபார்வர்டை அல்ல.

உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து, நோய்க்கான உணவியல், உணவுச் சேவை நிர்வாகம் என்று பாடப் பரப்பு பெரியது. இன்டர்ன்ஷிப்பை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு உணவியல் பகுதி கையில் இருக்கும். இளநிலை முதலாண்டில் படித்துவிட்டு மறந்த உயிர்வேதியியல்தான் காலை வாரும், அதை முதலில் எடுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு யோசனை: பாடத்தைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், கேள்வி-பதிலை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். என்னிடம் வந்தவர்களில் அப்படித் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

எந்த அட்டவணையை வைத்துப் படிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். சீனியர் கொடுத்த பழைய நோட்டில் சராசரி ஆணின் எடை 60 கிலோ என்று இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் அது 65 கிலோ. பெண்ணுக்கு 55. புரதம் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது அந்த ஆணுக்கு 54 கிராம். உணவுப் பொருள்களின் சத்து விவரத்துக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை இருக்கிறது. 528 உணவுப் பொருள்களை ஆய்ந்து போட்டது. அதில் ஆற்றல் கிலோஜூலில் கொடுக்கப்பட்டிருக்கும். நூறு கிராம் பச்சரிசிக்கு 1491 என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள், 4.184-ஆல் வகுத்தால் 356 கலோரி. (அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய பெரிபெரி ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்தது. 1958-இல்தான் ஹைதராபாத் போனது. குன்னூருக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் இதையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.)

தேர்ச்சி பெற்ற பிறகு ஆர்டி எண் கிடைக்கும். அது நிரந்தரம் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, கருத்தரங்கு, பயிற்சி என்று சேர்த்த புள்ளிகளைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். போகும் ஒவ்வொரு கருத்தரங்கின் சான்றிதழையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

சட்டப்படி நிலை

ஆர்டி என்பது ஒரு தொழில்முறைச் சங்கம் தரும் தகுதி. அரசு சட்டம் தனியாக இருக்கிறது. 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டத்தின் பட்டியலில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்ட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மாநிலக் கவுன்சிலில் பெயர் பதிந்தவர்தான் தொழில் செய்யலாம் என்பதே அதன் நோக்கம். 2025-இல் இந்த ஆணையத்தின் புதிய பாடத்திட்டமும் வெளியானது. இப்போது கல்லூரியில் சேருகிறவர்கள், தங்கள் கல்லூரி அந்தப் பாடத்திட்டத்துக்கு மாறுகிறதா என்று முதல்வரிடம் நேராகக் கேளுங்கள். இந்தச் சட்டத்துக்காக எங்கள் துறையில் பலர் நெடுநாள் காத்திருந்தோம். ஆறு மாதம் வார்டில் நின்றவரும், வீடியோ பார்த்துவிட்டு டயட் சார்ட் விற்பவரும் ஒரே பெயர்ப்பலகை வைப்பது நோயாளிக்கு ஆபத்து.

வெளிநாட்டுக் கனவு இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்திய ஆர்டி அப்படியே அங்கே செல்லாது. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் அங்குள்ள தேர்வெழுத முதுநிலைப் பட்டம் கட்டாயம், அவர்கள் கேட்கும் முறையில் மேற்பார்வைப் பயிற்சியும் வேண்டும். பிரிட்டனில் ஹெச்சிபிசி என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவு இல்லாமல் டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். அங்கெல்லாம் விண்ணப்பிக்கும்போது நீங்கள் எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எந்த வார்டில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். ஆகவே கல்லூரிப் பாடத்திட்ட நகலையும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள லாக் புக்கையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அதே மருத்துவமனைக்கு வந்து கேட்டால், கையெழுத்துப் போட்டவர் அங்கே இருக்கமாட்டார்.