மொரிஸ் மைனர் கியர்பொக்ஸைப் பிரிப்பதற்குக் கருவிகளை நாமே செய்துகொள்ளும் முறை

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் காரின் கியர்பொக்ஸைப் பிரிக்க, அதன் பழுதுபார்ப்புக் கையேடு விசேட கருவிகள் சிலவற்றைக் கேட்கிறது. அவற்றை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தேடி அலைவதைவிட, இரும்புக் கடையிலும் வீட்டின் பின்புறத்திலும் கிடைப்பவற்றைக் கொண்டு நாமே செய்துகொள்வது எளிது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கருவி எப்போதும் பாகத்தைவிட மென்மையாக இருக்க வேண்டும். கருவி நசுங்கினால் மாலைக்குள் இன்னொன்று செய்துகொள்ளலாம். அலுமினிய உறை வெடித்தால் மாற்று உறை தேடுவது பெரும்பாடு.

கல்லடி, காரைதீவு போன்ற கரையோர ஊர்களில் முற்றத்து மணலில் வைத்து இவ்வேலையைச் செய்ய வேண்டாம். சீமெந்துத் தரையும் பழைய மேசையும் போதும். முதலில் எண்ணெயை வடித்துவிடவும், ஏறத்தாழ 1.3 லீற்றர் வரும். நட்டுகள் அங்குல அளவிலானவை. 1/2 அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர் என்பதால், 13 இலக்க ஸ்பானர் பொருந்துவதுபோலத் தோன்றினாலும் மூலைகளை உருட்டிவிடும். லாண்ட்மாஸ்டர் என்ற கையுழவு இயந்திரங்களைத் திருத்துபவர்களிடம் அங்குல ஸ்பானர்கள் இருக்கக்கூடும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்க மூடி, பின் உறை, முன் மூடி, கியர் மாற்றும் கவைகள் ஆகியவற்றைக் கழற்றப் பொறுமையே போதும். கவைகளின் தண்டுகளை இழுக்கும்போது சிறு குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் துள்ளும் என்பதால், அவ்விடத்தை ஒரு கையால் மூடிக்கொள்ளவும்.

கடினமான வேலை லேஷாஃப்ட் என்ற கீழ்த்தண்டில் தொடங்குகிறது. இத்தண்டின்மேல் சுழலும் கியர்த் தொகுதிக்குள் ஊசி உருளைகள் வரிசையாக நிற்கின்றன. தண்டை வெறுமனே தட்டி எடுத்தால் அவை அனைத்தும் உறைக்குள் கொட்டிவிடும். இதைத் தடுக்க ஒரு போலித் தண்டு வேண்டும். முன் மூடியைக் கழற்றியதும் தெரியும் தண்டின் முனையை வேர்னியர் என்ற நுண் அளவுகோலால் அளந்து, அதைவிடக் கால் மில்லிமீற்றர் மெல்லியதாகவும், உறையின் இரு உட்சுவர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிட ஒரு மில்லிமீற்றர் குட்டையாகவும் ஒரு கோலைக் கடைந்துகொள்ளுங்கள். லேத் பட்டறையில் இரும்பில் செய்வித்தால் மிக நல்லது. நன்கு காய்ந்த தும்புத்தடிக் கம்பை அரத்தால் சீராக்கி, உருக்கிய மெழுகு பூசினாலும் வேலை நடக்கும். மாரி மாதங்களில் மெழுகில்லாத மரம் ஊதி உள்ளேயே இறுகிவிடும். போலித் தண்டின் முனையை உண்மைத் தண்டின் முனையோடு ஒட்டவைத்து, இடையில் நூலளவு இடைவெளியும் விழாதபடி மெல்லத் தட்டிச் செல்ல வேண்டும். உண்மைத் தண்டு மறுபுறம் வெளியேறியதும், கியர்த் தொகுதி போலித் தண்டோடும் உருளைகளோடும் உறையின் அடியில் சாய்ந்து படுத்துவிடும். மற்றத் தண்டுகளை எடுப்பதற்கு வேண்டிய இடமும் அதனால்தான் கிடைக்கிறது.

எஞ்சினின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் முன் தண்டை எடுத்தபின் அதன் பெயரிங்கைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு எதிர்த் திசை மரையுடையது. வலப்புறம் திருப்பினால்தான் கழலும். இதை அறியாத காலத்தில் நான் கைப்பிடிக்கு நீண்ட குழாய் மாட்டி இடப்புறம் இழுத்து மரையையே உரித்துவிட்டேன். அந்தத் தண்டு பிறகு உதவவில்லை. முதலில் பூட்டு வாசரின் மடிப்பை நிமிர்த்துங்கள். அதே அளவுள்ள பழைய நட்டின்மேல் ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய்த் துண்டின் வாயைச் சூடாக்கி அடித்தால், அறுகோண வாய் அமைந்துவிடும். குழாயைத் தண்டின் பல்வரிகள் (நீளவாட்டில் வெட்டிய பற்கள்) வெளியே தெரியுமளவு குட்டையாக வெட்டி, தண்டில் ஏற்றிய பின், அப்பல்வரிகளைத் தேய்ந்த பழைய கிளச் தட்டொன்றின் நடுவில் பொருத்தி, தட்டை வைஸில் இறுக்கவும். தண்டு அசையாது நிற்கும். குழாயைப் பைப் ரென்சால் திருப்பலாம்.

உறையில் இறுகிய பெயரிங்குக்குத் தீச்சுவாலை காட்ட வேண்டாம். கொதிநீரை உறையைச் சுற்றி ஊற்றினால் அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். 60 மில்லிமீற்றர் துளையில், 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு இரண்டும் சூடேறும்போது, சுமார் 0.046 மில்லிமீற்றர் தளர்வு பிறக்கும். பெரும்பாலும் அதுவே போதும். தட்டுவதற்கு உடைந்த குத்துவிளக்கின் கெட்டிப் பித்தளைத் தண்டை நான் வைத்திருக்கிறேன். ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டினால் பெயரிங் கோணாமல் நகரும். வேலை முடிந்ததும் உருக்குப் பாகங்களில் எண்ணெய் தடவுங்கள்; உப்புக் காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்கும்.

பிரதான தண்டில் மூன்றாம் கியரைப் பூட்டியிருக்கும் வளையத்தின் சிறு முளையை உள்ளே அழுத்தச் சைக்கிள் சில்லுக் கம்பியின் முனையை அரத்தால் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். முளையை அழுத்திப் பிடித்தபடி வளையத்தைத் திருப்பினால், பல்வரிகள் நேராகி அது வழுகி வரும். கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோ மையத்தைப் பிரிக்கும்போது மருதமுனைச் சாரமொன்றின் பழந்துண்டால் முழுவதையும் சுற்றிக்கொண்டால், உள்ளேயிருந்து தெறிக்கும் குண்டுகள் துணிக்குள்ளேயே நிற்கும். பலமுறை துவைத்த சாரத்தில் நூல் பிசிறு வராது. பஞ்சுக் கழிவைத் தவிர்ப்பதற்குக் காரணம் அதில் வரும் பிசிறுதான்.

போலித் தண்டை மட்டும் கியர்த் தொகுதியிலிருந்து அவசரப்பட்டு உருவ வேண்டாம். உருளைகளை மாற்ற வேண்டியிருந்தால் எண்ணிக்கொண்டு எடுத்து, புதியவற்றைக் கிரீஸில் ஒட்டி அடுக்கி, அத்தண்டையே திரும்பச் செருகி வையுங்கள். பூட்டும் நாளில் உண்மைத் தண்டு அதைத் தள்ளிக்கொண்டு தன் இடத்துக்கு வரும்.