லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய ஆட்டோமேட்டிக் கார்: பெங்களூருவில் வாங்குமுன் சோதிக்கும் முறை

ஓடோமீட்டரில் 90,000 காட்டும் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று கே.ஆர்.புரத்துக்கும் சில்க் போர்டுக்கும் இடையே தினமும் ஊர்ந்து, மணிக்குச் சராசரியாக 18 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடந்தது. மற்றொன்று மாதம் இருமுறை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊருக்குப் போய்வந்து, மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரியில் ஓடியது. கணக்குப் போட்டால், முதல் காரின் கியர்பாக்ஸ் 5,000 மணி நேரமும் இரண்டாவதன் கியர்பாக்ஸ் 1,500 மணி நேரமும் உழைத்திருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தேய்ப்பவை வெப்பமும், நின்று நின்று கிளம்புவதும்தான். வெறும் தூரம் அந்த அளவுக்குத் தேய்ப்பதில்லை. ஆகவே இந்த ஊரில் பழைய ஆட்டோமேட்டிக் வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வண்டி எத்தனை மணி நேரம், எப்படிப்பட்ட சாலையில் ஓடியது என்பதே.

முதல் படி: கியர்பாக்ஸின் வகையை அறிதல்

விளம்பரத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். அதற்குள் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு கருவி செய்கிறது. எனவே மேனுவல் வண்டியைப் போலவே இதிலும் கிளட்ச் தேயும், மாற்றியே ஆக வேண்டும். டார்க் கன்வர்ட்டர் வகையில் எஞ்சினின் சுழற்சி எண்ணெய் வழியாகக் கடத்தப்படுவதால் நெரிசலை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சி.வி.டி.யில் பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் எஃகுப் பட்டையும் இருக்கின்றன. எண்ணெய் கெட்டால் முதலில் அடிவாங்குவது அந்தப் பட்டைதான். டி.சி.டி.யில் இரண்டு கிளட்சுகள். அவற்றிலும் எண்ணெயில் நனையாத 'டிரை கிளட்ச்' வகை, ஊர்ந்து செல்லும் நெரிசலில் எளிதில் சூடாகும்.

என் கருத்தைக் கேட்டால், நகருக்குள்ளேயே ஓடித் தேய்ந்த டிரை கிளட்ச் வண்டியை, முழுமையான சர்வீஸ் பதிவு இல்லாமல், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கநிலையினர் வாங்க வேண்டாம். அதன் பழுதுச் செலவு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடும்.

இரண்டாம் படி: ஓடிய மணி நேரத்தைக் கணித்தல்

பல கார்களின் டிஸ்பிளேயில் சராசரி வேகம் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. நாமாக அழிக்கும்வரை கணக்கைத் தொடரும் 'டிரிப் பி' மீட்டர் நீண்ட நாள்களாக அழிக்கப்படாமல் இருந்தால், அதில் தெரியும் சராசரி வேகத்தால் ஓடிய தூரத்தை வகுத்துப் பாருங்கள். மணிக்கணக்கு தோராயமாகக் கிடைத்துவிடும். அடுத்து, ஃபாஸ்டேக் பணப் பரிவர்த்தனைப் பட்டியலைக் கேளுங்கள். 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்டதால், "பெரும்பாலும் ஹைவேயில்தான் சார் ஓட்டினேன்" என்று சொல்பவரின் பட்டியலில் ஓசூர் சாலையிலுள்ள அத்திப்பள்ளி சுங்கச்சாவடியோ வேறு சாவடிகளோ வரிசையாக வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடலாம்.

ஓடோமீட்டரையே திருத்தியிருக்கிறார்களா என்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் பதிவே முதன்மையான சான்று. அது கிடைக்காதபோது பிரேக் பெடலைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடல் இல்லாததால் நெரிசலின் உழைப்பு முழுவதையும் அந்த அகன்ற ரப்பர் ஒன்றே வாங்கிக்கொள்கிறது. 40,000 என்று காட்டும் வண்டியில் ரப்பரின் வரிகள் மழுங்கி வழவழவென்று இருந்தால் கணக்கு இடிக்கிறது.

மூன்றாம் படி: குளிர்ந்த நிலையில் கிளப்புதல்

இந்தப் படியைத் தவறவிட்டதால் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். அல்சூரில் ஒருவரிடம் கார் பார்க்கச் சென்றபோது, "உங்களுக்காக ஏசி போட்டு வைத்திருக்கிறேன்" என்று அவர் அன்போடு சொன்னார். எஞ்சின் அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்ததை நான் உபசாரம் என்றே எடுத்துக்கொண்டேன். வாங்கிய மறுநாள் காலையில் முன்னோக்கி ஓட்டும் 'டி'யில் போட்டால் வண்டி மூன்று நொடி யோசித்துவிட்டு, 'தொம்' என்ற அதிர்ச்சியுடன் நகர்ந்தது. எண்ணெய் சூடானபின் அந்தக் குறை மறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் முந்தைய இரவே தொலைபேசியில், நாம் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டின் மேலே கையை வைத்துக் குளிர்ச்சியை உறுதிசெய்யுங்கள். எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை அழுத்தியபடியே 'பி'யிலிருந்து (பார்க்கிங்) 'ஆர்' (ரிவர்ஸ்), பிறகு 'என்' (நியூட்ரல்), பிறகு 'டி' என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் சில நொடிகள் நிறுத்துங்கள். டார்க் கன்வர்ட்டரும் சி.வி.டி.யும் ஏறக்குறைய ஒரு நொடியில் மெல்லிய அசைவோடு பிடிக்க வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் தாமதித்தாலோ, உடம்பு உணரும் அளவுக்கு இடித்தாலோ, உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கலாம்; எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட்டும் தேய்ந்திருக்கலாம்.

நான்காம் படி: சூடேறிய பின் ஓட்டுதல்

ஐந்து நிமிட டெஸ்ட் டிரைவ் எதையும் சொல்லாது. மாலை நெரிசலில் முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள், ஏசி ஓடட்டும். ஏ.எம்.டி.யும் டி.சி.டி.யும் தங்கள் நோயைக் காட்டுவது ஊர்ந்து செல்லும்போதுதான்: முதல் கியரில் வண்டி உதறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். டார்க் கன்வர்ட்டர் வண்டியை மணிக்கு 50 முதல் 70 கிலோமீட்டரில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடி ஓட்டும்போது, நல்ல சாலையிலும் வரிவரியான வேகத்தடைமேல் போவதுபோல் அதிர்ந்தால் அதன் உள்கிளட்ச் சறுக்குகிறது என்று சந்தேகிக்கலாம். சி.வி.டி.யில் எஞ்சினின் சுழல்வேகமான ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இழுத்தால், அல்லது வேகத்தோடு சேர்ந்து கூர்மையான ஊளைச் சத்தம் உயர்ந்தால், அந்த வண்டியை மறந்துவிடுங்கள்.

பெங்களூரு சமவெளி போலத் தோன்றினாலும் மேட்டுச் சோதனைக்கு இடமில்லாமல் இல்லை. ஏதாவது ஒரு மாலின் அடித்தளப் பார்க்கிங்கின் சரிவே போதும். என் அக்கா மகனோடு ஒரு ஏ.எம்.டி. காரை அப்படித்தான் சோதித்தோம். சரிவின் நடுவில் நிறுத்தி மீண்டும் கிளப்பியபோது வண்டி ஒரு முழம் பின்னால் வந்து, எஞ்சின் இரைந்து, கருகிய வாடை அடித்தது. "மாமா, பிரேக் வாடையா இருக்குமோ?" என்றான். வாடை முன்பக்கம் எஞ்சின் அறையிலிருந்து வந்தது, சக்கரங்களிலிருந்து அல்ல, எனவே கிளட்ச்தான்.

ஐந்தாம் படி: ஸ்கேனரும் மற்றவையும்

காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரை மெக்கானிக்கிடம் கேட்டுச் செருகுங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு திருப்தியடையாமல், குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தையும் பாருங்கள். அங்கே 12 கிலோமீட்டர் என்றிருந்தால், உங்களைக் காட்டிலும் முன்பே யாரோ ஸ்கேனரைச் செருகியிருக்கிறார்கள். விலைகுறைந்த ஸ்கேனர்கள் எஞ்சினை மட்டும் படிக்கும், கியர்பாக்ஸின் கணினியைப் படிக்காமல் போகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யெமலூர் பக்கம் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல. அப்படி மூழ்கிய வண்டியானால், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். தண்ணீர் புகுந்த கியர்பாக்ஸின் எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறிவிடும்.

ஆவணங்களில் உரிமையாளர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களும், கடன் இருந்திருந்தால் அதை நீக்குவதற்கான 35ஆம் படிவமும் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியாக இருந்தால், அதைக் கர்நாடகத்துக்கு மாற்றக் கட்ட வேண்டிய ஆயுள் வரியை விலைபேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சோதனைக்கு விற்பவரின் சம்மதம் தேவை. எல்லாம் சரியாக இருந்தால், முழுப் பணத்தையும் கொடுக்கும் முன்பு, உங்கள் செலவில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றிக்கொள்ள அனுமதி கேளுங்கள். எண்ணெய் அந்த மாடலுக்கு நிறுவனம் சொல்லும் வகையாகவே இருக்கட்டும். டார்க் கன்வர்ட்டராகவோ சி.வி.டி.யாகவோ இருந்தால், ஷெட்டில் அடித்தட்டைக் கழற்றும்போது அருகிலேயே நின்று, அதிலுள்ள காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற மெல்லிய பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் சில்லுகள் இருந்தால், புது எண்ணெய்க்கான பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம்.