நீலகிரியில இடம் வாங்குறீங்களா? பத்திரம் பதியுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கைரேகை வெச்சு போட்டோ எடுத்து பத்திரம் கைக்கு வந்துட்டா இடம் நம்மளதாயிடுச்சுன்னு நிறைய பேர் நெனச்சுக்குறாங்க. அப்படி இல்லங்க. பத்திரம் முறைப்படி இருக்கா, வந்திருக்கிறது அதே ஆளுதானா, கட்டணம் கட்டியாச்சா, தடை ஏதும் இருக்கான்னுதான் சார்பதிவாளர் பாப்பார், வித்தவருக்கு அந்த நிலத்து மேல நெஜமாவே உரிமை இருக்கான்னு விசாரிச்சு முடிவு சொல்றது அவர் வேலை கிடையாது. அது நம்ம வேலை. அதுவும் மலையில கூடுதலா பாக்கணும்.

மொதல்ல வில்லங்கம், அதாவது அந்த இடத்து மேல இதுவரை பதிவான விற்பனை, அடமானமெல்லாம் காட்டுற சான்று. பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்லயே காசில்லாம பாத்துக்கலாம், 30 வருஷத்துக்காவது பாருங்க. கூடவே பட்டா, அ-பதிவேடு (நிலத்தோட வகை, அளவு இருக்கிற வருவாய்த்துறை பதிவேடு), புல வரைபடம் (சர்வே நம்பரோட எல்லைப் படம்) மூணையும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு சர்வே நம்பரும் உட்பிரிவும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. நம்ம ஹட்டிகள்ல (படுகர் ஊர்கள்ல) நெறைய நிலம் இன்னும் தாத்தா பேருல கூட்டுப் பட்டாவாத்தான் கெடக்கு, அண்ணன் தம்பிங்க வாய்ப்பேச்சுலயே பிரிச்சு ஆளுக்கொரு தேயிலைக்காடுன்னு பறிச்சிட்டிருப்பாங்க. அதுல ஒருத்தர் மட்டும் வந்து வித்தா வாங்காதீங்க. வாரிசு சான்றிதழ் கேளுங்க, அதுல இருக்கிற எல்லாரும் கையெழுத்து போடணும், கட்டிக்கொடுத்த பொண்ணுங்களும் சேத்துதான். "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க"ன்னு சொல்லுவாங்க, அவங்க கேக்காட்டியும் அது அவங்க பங்கு, அதை விட்டுட்டு பதியுறது தப்பு.

அடுத்து நிலத்தோட வகை, இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. தனியார் காடுன்னு அறிவிச்ச நிலமா இருந்தா 1949-ம் வருஷ சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்கிற குழுவோட அனுமதி இல்லாம விக்க முடியாது, பாக்க சாதாரண காப்பித்தோட்டம் மாதிரிதான் இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம்னா 1969 ஜென்மம் (ஜமீன் மாதிரி பழைய நில உரிமை) ஒழிப்புச் சட்டத்துல இன்னும் தீராம இருக்கிற செக்‌ஷன் 17 நிலமான்னு (குத்தகைத் தோட்ட நிலம், உரிமை யாருக்குன்னு முடிவாகாதது) கட்டாயம் கேளுங்க, வீடு கட்டி தலைமுறையா இருக்கிறவங்களுக்கே அங்க பட்டா பிரச்சினை. மசினகுடி சுத்துவட்டாரம்னா யானை வழித்தடத்துக்குள்ள வருதான்னு பாருங்க, அதை அறிவிச்ச 2010 அரசாணைய சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபர்ல உறுதி பண்ணிடுச்சு. விக்கிறதுக்கு நிபந்தனை போட்டு அரசு ஒப்படை பண்ணின (இலவசமா கொடுத்த) நிலத்து பட்டாவும் ஜாக்கிரதை. அப்ரூவல் இல்லாத மனைன்னா 20.10.2016-க்கு முன்னாடியே மனையா பதிவாயிருக்கணும், இல்லன்னா வரன்முறை ஆர்டர் (அந்த மனைய அரசு முறைப்படுத்தின உத்தரவு) வேணும். இன்னொண்ணு, பத்திரம் பதிஞ்சதாலயே வீடு கட்டிர முடியாது, ஹாக்கா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) அனுமதி தனி, அதை வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

பத்திரத்துல நான் ரொம்ப முக்கியம்னு சொல்றது கடைசியில வர்ற சொத்து விவரம். எழுத்தர் பழைய பத்திரத்தப் பாத்து அப்படியே காப்பி அடிச்சுடுவார், அதுல "கெழக்கே சோலை, மேற்கே ஓடை"ன்னு இருக்கும், சோலை போயி இப்ப அங்க காட்டேஜ் நிக்கும். நீங்க நேர்ல போயி நாலு எல்லையும் நடந்து பாத்து இன்னைக்கு யாரு இருக்காங்களோ அதை எழுதச் சொல்லுங்க, முடிஞ்சா சர்வேயர வெச்சு அளந்துருங்க. பட்டாவுல ஹெக்டேர், ஏர்னு இருக்கும், வாங்குறது செண்ட்ல, ஒரு ஏர் கிட்டத்தட்ட 2.47 செண்ட், கணக்கு ஒத்து வருதான்னு போட்டுப் பாருங்க. பாதைய மறக்கவே கூடாது. மேல இருக்கிற தோட்டக்காரர் நிலத்து வழியா நடந்து போற பாதைன்னா அது எத்தனை அடி அகலம், யார் நிலத்துல போகுது, வண்டி போக உரிமை உண்டா, எல்லாம் எழுத்துல வரணும், அந்த நிலத்துக்காரர் தனியா எழுதிக் கொடுத்தா இன்னும் நல்லது. சமவெளியில சுத்திப் போக வேற வழி கெடைக்கும், சரிவுல அந்த ஒத்தப் பாதைய அடைச்சா உங்க இடத்துக்கு நீங்களே போக முடியாது. தண்ணி எடுக்கிற ஊத்துக்கும் இதே கதைதான்.

செலவு: கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு வெச்சிருக்கிற மதிப்பு), நீங்க பேசின விலை ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்கு. 20 லட்சம்னா 1,80,000 ரூபா. பொம்பளைங்க பேருல 10 லட்சத்துக்குள்ளன்னா பதிவுக்கட்டணத்துல 1 சதவீதம் கொறையும், 2025 ஏப்ரல்ல இருந்து. குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட்டுன்னா ரொம்ப கம்மி, ஒவ்வொண்ணும் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000-மும் 10,000-மும். விலைய கொறச்சு எழுதலாம்னு யாராவது சொன்னா வேண்டாங்க, மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பிட்டா அலையணும், ரொக்கமா 20,000-மோ அதுக்கு மேலயோ கொடுத்தா அதை வாங்கிக்கிட்ட வித்தவருக்கு வருமான வரியில அபராதம் வேற. 50 லட்சமும் அதுக்கு மேலயும்னா 1 சதவீதம் டிடிஎஸ் (வித்தவர் பேருல முன்கூட்டியே கட்டுற வருமான வரி) பிடிச்சு கட்ட வேண்டியது வாங்குறவங்க பொறுப்பு.

அப்புறம் டிஎன்ரெஜிநெட் சைட்ல ஆவணத்த உருவாக்கி, பணம் கட்டி, டோக்கன் எடுங்க. நிலம் எந்த சார்பதிவாளர் எல்லைக்குள்ள வருதோ அங்க. ஆதார், பான், ரெண்டு சாட்சி, அவங்க அடையாள அட்டை, மூலப் பத்திரம் ஒரிஜினல். மழைக்காலத்துல மரம் விழுந்து ரோடு அடைச்சிக்கும், கரண்டும் நெட்டும் போகும், காலையில டோக்கனா பாத்து எடுத்து சீக்கிரம் கெளம்புங்க. படுத்த படுக்கையா இருக்கிற பெரியவங்கள தூக்கிட்டு வராதீங்க, காரணம் எழுதி மனு கொடுத்தா அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவு பண்ண சட்டத்துல எடம் இருக்கு. கையெழுத்தான நாள்ல இருந்து 4 மாசத்துக்குள்ள பதிவுக்கு கொடுத்துரணும், அதுக்கப்புறம் இன்னொரு 4 மாசம் அபராதத்தோட.

பதிஞ்சு முடிச்சதும் மறுபடி ஒரு வில்லங்கம் போட்டு உங்க பேரு, சர்வே நம்பர் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க. முழு உட்பிரிவும் வாங்கியிருந்தா பட்டா தானா மாறும், ஒரு பகுதின்னா சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு பண்ணணும், அவர் வர்ற அன்னிக்கு பக்கத்து நிலத்துக்காரங்களையும் கூப்பிட்டு கூட நிக்க வெச்சு கல்லு நட்டுக்கோங்க.