வெண்கல மணியை வைத்து ஒரு சிறு இசையமைப்பு: தொடக்கநிலையாளருக்கு

வெண்கல மணியில் ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் இருக்கும். வெள்ளீயம் சேரச் சேர உலோகம் விறைப்பாகிறது, அதிர்வும் சீக்கிரம் அடங்காது. தட்டியவுடன் கூர்மையான ஓசை, பிறகு நீண்ட ரீங்காரம்: இந்த இரண்டு குணத்தையும் வைத்தே ராகம், தாளம், வேகம் மூன்றையும் முடிவு செய்யலாம்.

மணி. கொழும்பில் செட்டியார் தெருப் பக்கம் பூசைப் பொருள் கடைகளில் கைமணி கேளுங்கள். வாங்குமுன் பிடியில் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். 2 செக்கனாவது ஒலிக்க வேண்டும். கரகரவென்றால் வெடிப்பு இருக்கும், விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவு. ஓட்டோ சத்தம் அடங்கிய பின்னிரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். மணியின் நாக்கை நூலால் கட்டி, விளிம்பை அகப்பைக் காம்பால் தட்டுங்கள். போன் 30 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும். செயலியில் இரைச்சல் நீக்கத்தை கட்டாயம் அணையுங்கள்: அது ரீங்காரத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். மெதுவாகவும் பலமாகவும் ஐந்து தட்டுகள் தேவை. ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் இயந்திரத்தனமாகக் கேட்கும்.

பெரிய மணியாக்குதல். ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தைக் கால்பங்காகக் குறையுங்கள். சுருதி இரண்டு ஸ்தாயி இறங்கும், 2 செக்கன் ரீங்காரம் 8 செக்கனாக நீளும். அதற்குக் கீழே போகாதீர்கள். போன் பதியாத மேல் அதிர்வுகள் இல்லாமல் ஓசை மந்தமாகிவிடும்.

ராகம். இதில்தான் பொறுமை வேண்டும். தட்டிய அரைச் செக்கனுக்குப் பிந்திய பகுதியைத் தெரிவு செய்து அலைமாலை வரைபடத்தை (எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று காட்டுவது) பாருங்கள். நன்றாகச் சுருதி சேர்த்த தேவாலய மணியில் 100, 200, 240, 300, 400 ஹேர்ட்ஸ் என்ற விகிதத்தில் சிகரங்கள் நிற்கும். 200 ஐ ச என்று வைத்தால் 240 சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க), 300 பஞ்சமம் (ப). ஆகவே சுத்த தன்யாசி ராகம் (ச க ம ப நி) அப்படியே பொருந்தும். அந்தர காந்தாரம் (உயர்ந்த க) 250 இல் விழுவதால் மணியின் 240 உடன் உரசி அதிரும். கைமணிகள் இவ்வளவு ஒழுங்காக இராது. உங்கள் மணி அந்தர காந்தாரம் பக்கம் நின்றால் மோகன ராகத்துக்கு (ச ரி க ப த) மாறுங்கள். தம்புராவை மணியின் ச வுக்குச் சேருங்கள், மணி உங்களுக்காக இறங்கி வராது.

தாளம். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்றால் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் (8 எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) 8 செக்கன், ரீங்காரத்தின் நீளமும் அதுவே. மணி சமத்தில், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கையில், விழட்டும். சுத்த தன்யாசியில் முதல் வரி (ஒவ்வொரு குறியும் ஓர் எண்ணிக்கை, காற்புள்ளி இருந்தால் அங்கே புதிய சுரம் இல்லை):

, , க , | ம ப | க ச ||

முதல் இரண்டு எண்ணிக்கையில் தட்டின் கூர்மை அடங்க இடம் விடுகிறோம். மத்திமத்தில் நிற்காதீர்கள், மணியின் க வும் ப வும் இரு பக்கமும் ஒலித்துக்கொண்டிருக்கும். கடைசியில் ச வில் இறங்கும்போது மேல் ஒலிகள் ஓய்ந்து, அடி ஒலி மட்டும் மிஞ்சியிருக்கும். சுகமான இறக்கம் அது.

இரண்டாம் வரி: , , ப , | நி ப | ம க ||

மொத்தம் 12 ஆவர்த்தனம் போதும். முதல் 2 மணியும் தம்புராவும் மட்டும், அடுத்த 8 இல் வயலினோ குரலோ இந்த இரு வரிகளை மாறி மாறி எடுக்கட்டும், கடைசி 2 இல் மறுபடி மணி.

எதிரொலி விளைவை நிறையச் சேர்க்காதீர்கள், மணிக்குச் சொந்த வாலே நீளம், இரண்டும் கலந்தால் குழம்பும். கோப்பாக்குமுன் கடைசித் தட்டுக்குப் பின் 10 செக்கன் வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் ரீங்காரம் பாதியில் அறுந்துவிடும்.