பிலிப்பைன்ஸ் மெனுடோ: தக்காளியில் வேகும் பன்றிக்கறி

மெக்சிகோவில் மெனுடோ என்றால் மாட்டு இரைப்பை சூப். பிலிப்பைன்ஸில் அது பன்றிக்கறியும் ஈரலும் சேர்ந்த தக்காளிக் குழம்பு. நாலு பேருக்கான அளவு இது.

கொஞ்சம் கொழுப்புள்ள தோள்பட்டைக் கறி 750 கிராம் வாங்கி, 2 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். கொழுப்பே இல்லாத கறி வறண்டுவிடும். 3 மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி கலமன்சி என்ற சிறு எலுமிச்சை வகைப் பழத்தின் சாறு (இல்லையென்றால் சாதாரண எலுமிச்சை) சேர்த்து அரை மணி நேரம் ஊறட்டும்.

2 உருளைக்கிழங்கு, ஒரு கேரட்டை அதே அளவில் நறுக்கி, முதலில் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. தக்காளிப் புளிப்பில் பச்சைக் கிழங்கு சீக்கிரம் வேகாது. வறுத்தது குழம்பில் கரையவும் செய்யாது.

அதே எண்ணெயில் 5 பல் பூண்டு, ஒரு வெங்காயம், 2 தக்காளியை வதக்கி, ஊறல் நீரை வடித்த கறியைச் சிவக்கப் பிரட்டுங்கள். 250 மி.லி. தக்காளி சாஸை ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கிளறினால்தான் பச்சை வாடை போகும். பிறகு ஊறல் நீர், 2 கப் தண்ணீர், 2 பிரிஞ்சி இலை. மூடி, சிறுதீயில் 50 நிமிடம்.

கறி மெத்தென்றானதும் வறுத்த காய்கள், 2 மேசைக்கரண்டி உலர்திராட்சை. பத்து நிமிடம் கழித்து 150 கிராம் பன்றி ஈரலும் சிவப்புக் குடைமிளகாயும். ஈரலைச் சிறிதாக நறுக்கியிருந்தால் 5 நிமிடத்தில் நடுப்பகுதிவரை வெந்துவிடும். அதற்குமேல் விட்டால் ரப்பராகும். உப்புக்குப் பதில் மீன் சாஸ், கடைசியில், ருசி பார்த்து. சூடான சோற்றோடு பரிமாறுங்கள்.