இரவு 2 மணிக்கு நாய்க்கு டாக்டர்: சேலம் வருவோர் முதல் நாளே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு

மாம்பழக் காலத்தில் ஊருக்கு வருகிறீர்கள் என்றால், சாப்பிட்ட மாங்கொட்டையை வீட்டு நாய்க்கு எட்டாத இடத்தில் போடுங்கள். இதை நான் எழுத உட்கார்ந்ததற்கே ஒரு மாங்கொட்டைதான் காரணம்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதம். இங்கிலாந்திலிருந்து அம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து மல்கோவா நறுக்க, ஜிம்மி பக்கத்திலேயே வாலாட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். மறுநாள் வாந்தி. "வெயில் சூடு, மோர் ஊத்து" என்றார்கள். அதற்கடுத்த நாள் மோரும் வெளியே வந்தது. அன்று ராத்திரி பதினொன்றரைக்கு வயிறு மத்தளம் மாதிரி விறைத்து, எழுந்து நிற்க முடியாமல் சுவரோரம் சாய்ந்துவிட்டான்.

நான் என்ன செய்வேன்? இங்கிலாந்தில் செய்வதையே செய்தேன். போனை எடுத்துத் தேடினேன். '24 மணி நேர' கிளினிக் ஒன்று முதலில் வந்தது. காரில் போட்டுக்கொண்டு ஊரின் மறு கோடிக்குப் போனால், போர்டில் விளக்கு எரிகிறது, ஷட்டர் கீழே இருக்கிறது. போர்டில் இருந்த எண் மூன்று முறை அடித்தது. நாலாவது முறை ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவது இடத்தில் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்த பையன், "டாக்டர் காலைல பத்து மணிக்குத்தாங்க வருவாரு. ட்ரிப்ஸ் வேணா போட்டு விடட்டுங்களா?" என்றான். பாவம், அவன் மேல் தப்பில்லை.

கடைசியில் வழி காட்டியது எங்கள் பால்காரர். ஒரு மணிக்கு அம்மா அவருக்குப் போன் போட்டார். அவரிடம் எட்டு மாடு உண்டு, கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்கு நடுராத்திரியில் யார் வருவார் என்று அவருக்குத் தெரியும். இருபது நிமிடத்தில் ஒரு டாக்டர் லுங்கியோடு வந்து தன் கிளினிக்கைத் திறந்தார். மாங்கொட்டை எக்ஸ்ரேயில் எலும்பு போலப் பளிச்சென்று தெரியாது. அடைப்புக்கு முன்னால் குடல் காற்றடைத்து உப்பிக் கிடப்பதுதான் தெரியும். அதைக் காட்டி, "விடியறதுக்குள்ள திறக்கணும் தம்பி" என்றார்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். நம் ஊரில் 'எமர்ஜென்சி' என்பது ஒரு கட்டடம் இல்லை, போனை எடுக்கும் ஓர் ஆள். அந்த ஆளை ராத்திரியில் தேடக்கூடாது, பகலில் தேடி வைத்திருக்க வேண்டும். வந்த முதல் நாள் சிம் கார்டு வாங்கும்போதே இந்த வேலையையும் முடித்துவிடுங்கள்.

யாரிடம் கேட்பது? கூகுள் நட்சத்திரங்களை நான் இப்போது பெரிதாக மதிப்பதில்லை. அவற்றில் பாதி, முடி வெட்டிக் குளிப்பாட்டி விட்டதற்குக் கிடைத்தவை. தெருவில் பெரிய நாய் வளர்ப்பவர், பால்காரர், தெருநாய்களுக்குச் சோறு போடும் அக்கா, இந்த மூவரிடம் கேளுங்கள். மூவரும் ஒரே பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது. ஊர்ப் பேச்சில் அந்த இடத்தின் பெயர் 'மாட்டாஸ்பத்திரி' என்றே இருக்கலாம், அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். பாம்புக்கடியும் விஷமும் நாய் பூனை மட்டும் பார்ப்பவரைவிட மாட்டு டாக்டருக்கே கூடுதலாகப் பழக்கம்.

பெயர் கிடைத்ததும், தடுப்பூசி போடுகிற சாக்கில் பகலிலேயே ஒருமுறை போய்விட்டு வாருங்கள். போர்டைப் படியுங்கள். பி.வி.எஸ்சி. பட்டமும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளிலும் ஊசி போட்டு விடுகிறார்கள், அது டாக்டர் இல்லை. உள்ளே போய்க் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா யாருங்க எடுப்பீங்க?" பதிலைக் கவனியுங்கள். "எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்பவரைவிட, "பன்னெண்டு மணி வரைக்கும் நான் எடுப்பேன், அதுக்கு மேல இன்னாரைக் கூப்பிடுங்க" என்பவரை நான் நம்புவேன். இரண்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் கண்ணாலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, அதில் மாட்ட நாய்க்கும் பூனைக்கும் அளவான மாஸ்க் இருக்கிறதா? எக்ஸ்ரே, ஸ்கேன் அங்கேயேவா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா? ராத்திரி அட்மிட் செய்தால் பக்கத்தில் ஆள் இருப்பாரா, பூட்டிவிட்டுப் போவார்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் வந்தால், ட்ரிப்ஸ் ஊசியைக் காலில் வைத்தபடி வீட்டுக்குக் கூட்டி வந்து நீங்களே கூட உட்காருவது மேல்.

ரத்தம் ஏற்ற வசதி உண்டா என்றும் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றி ஈறு வெளுத்துப்போன நாய்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டுப் பெரிய நாயைக் கூட்டி வந்துதான் ரத்தம் எடுப்பார்கள். நாய்க்கு முதல் முறை ரத்தம் ஏற்றும்போது வகை பொருந்தாவிட்டாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். பூனைக்கு அப்படியில்லை, வகை பார்த்தே ஆக வேண்டும்.

பாம்புக்கடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், வெளிநாட்டில் இருந்து இருந்து நமக்கு அந்தப் பயமே விட்டுப்போயிருக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். மனிதருக்குப் போடும் அதே மருந்துதான் நாய்க்கும். பெரும்பாலும் பொடியாக இருக்கும், 10 மில்லி குப்பியில் கரைத்து ட்ரிப்ஸ் வழியாக ஏற்றுவார்கள். ஏற்றும்போதே ஒவ்வாமை வரலாம், அதனால் டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குப்பி கையிருப்பில் உண்டா, இல்லாவிட்டால் ராத்திரியில் எந்த மருந்துக் கடையில் கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விவரமான டாக்டர் வேறொன்றும் செய்வார். கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மின்சாரம் போனாலும் செய்யக்கூடிய சோதனை இது. கட்டுப் போடுவது, கீறி விடுவது, மிளகு கொடுத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் போர்வையில் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

விஷம் தோட்டத்திலும் இருக்கிறது. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்கள் ஏராளம், பல வீட்டு வாசலிலும் அரளி நிற்கும். இலையை மென்ற நாய்க்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும். எலி மருந்து, பாயசத்தில் போட்ட உலர்திராட்சை, பிள்ளைகளுக்கு நீங்கள் கொண்டு வந்த சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் எல்லாமே ஆபத்து. பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் யாராவது பாரசிட்டமால் உடைத்துக் கொடுக்கக் கிளம்பினால் கையைப் பிடித்துத் தடுங்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. தின்றதன் அட்டையையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

பெரிய கேஸுக்கு எங்கே போவது? நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1985 முதல். சேலத்திலிருந்து பைபாஸில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மருத்துவம், அறுவை, பேறுகாலம் எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில். ஆத்தூரையும் தாண்டித் தலைவாசலில் 2021-ல் திறந்த கால்நடை ஆராய்ச்சி வளாகத்திலும் ஒரு கல்லூரி உண்டு. வீடு அந்தப் பக்கம் என்றால் அது கிட்டம். ஆனால் துடிக்கும் உயிரை நேராக அங்கே கொண்டு போகாதீர்கள். முதலில் உள்ளூரில் ஊசி, ட்ரிப்ஸ், வலி மருந்து போட்டு நிலைப்படுத்தி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று உங்கள் டாக்டரையே போன் செய்யச் சொல்லி, அப்புறம் கிளம்புங்கள். 1962 என்ற இலவச கால்நடை ஆம்புலன்ஸ் எண் முக்கியமாக ஆடு மாடுகளுக்காக ஏற்பட்டது. தோட்டத்து வீட்டில் கறவை மாடு இருந்தால் அந்த எண்ணையும் பதிந்து வையுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா எடுத்து நாயோடு தங்குகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அடிவாரத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், ஊருக்குள் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதனால் 'காலையில் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கு மலையில் இடமில்லை. சந்தேகம் வந்த உடனே டாக்டருக்குப் போன் செய்துகொண்டே இறங்குங்கள். மழைக் காலத்தில் மண்சரிவால் பாதையை அடைப்பதுண்டு, குப்பனூர் வழியும் டிரைவருக்குத் தெரிந்திருக்கட்டும். டிரைவரிடம் நாய் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் "சீட்டெல்லாம் முடி ஆயிடுங்க" என்று மறுப்பவர்கள் நிறைய. காப்பித் தோட்டத்தில் சுற்றிய நாய் தும்மித் தும்மி மூக்கில் ரத்தம் ஒழுகினால், பயப்படுமுன் மூக்குக்குள் அட்டைப்பூச்சி புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே இடுக்கி போட்டுப் பிடுங்க வேண்டாம். காட்டெருமை நடமாடும் இடம், ராத்திரியில் நாயை அவிழ்த்து விடவே கூடாது. குரங்கு கடித்தாலும் ரேபீஸ் கணக்கில்தான் சேரும்.

அதே ரேபீஸ் உங்களுக்கும்தான். வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும். தூக்குமுன் துப்பட்டாவால் வாயைத் தளர்வாகக் கட்டுங்கள் (மூச்சு முட்டினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக்கூடாது). கடித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். பல்பட்ட நாளே முதல் ஊசி. விடுப்பு முடிந்து விமானம் ஏறினாலும் மீதித் தவணைகளை அங்கே போய்ப் போட்டுக்கொள்ள, சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பணம். வெளிநாட்டு கார்டு சின்ன கிளினிக்குகளில் செல்லாமல் போகலாம், அறுவைக்கு முன்பணம் கேட்பார்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஜிபே வைத்திருக்கும் தம்பி மச்சான் யாராவது விழித்திருக்கட்டும். விலங்கு வாயில்லாத ஜீவன், நாம் பேரம் பேசும் இடம் இதுவல்ல என்று நினைப்பவர் நீங்கள் என்றாலும், உத்தேசச் செலவைக் கேட்பதில் தப்பில்லை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊர் நாயையே கூட அழைத்துப்போகும் ஆசை சிலருக்கு வரும். மூன்று வார விடுப்பில் அது நடக்காது. முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகு ரேபீஸ் ஊசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் என்பது இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும் நாய்க்கான வரிசை. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது.

கிளம்பும்போது எண்களை உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறார். முதல் வரியில் டாக்டர், இரண்டாவதில் அவர் சொன்ன மாற்று டாக்டர், மூன்றாவதில் நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்த கார்க்காரர். நாலாவதாகப் பால்காரர். அந்தக் கொட்டையை அப்பா கழுவிக் காயவைத்து ஷோகேஸில் வைத்திருக்கிறார். ஜிம்மிக்குப் பன்னிரண்டு வயது, மாம்பழ வாசனை வந்தால் இன்னும் அதே திண்ணைக்குத்தான் வருகிறான். அப்பா இப்போதெல்லாம் மொட்டை மாடியில் போய் நறுக்குகிறார்.