பட்ஜெட்டுக்குள் ஒரு டெலி ஜூம்: எதைப் பார்த்து வாங்குவது?

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு வேடந்தாங்கல் கரையில் நின்றால், ஏரிக்குள் இருக்கும் மரங்கள் அழகாக விழும், மரத்தின் மேல் வெள்ளையாக நிறையப் புள்ளிகள் இருக்கும், அது நாரையா கூழைக்கடாவா என்பது வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது. அங்கேதான் பலருக்கும், தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி ஜூம் லென்ஸ் மீது ஆசை வருகிறது. தேடிப் பார்த்தால் சில ஆயிரத்துக்கும் ஒன்று இருக்கிறது, லட்சத்துக்கு மேலேயும் ஒன்று இருக்கிறது, இரண்டின் மேலும் 300 என்றே எழுதியிருக்கிறது. லட்சம் உள்ளவர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. சில ஆயிரங்களை யோசித்து யோசித்துச் செலவழிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 250, 300 என்ற எண்ணை (மில்லிமீட்டரில் குவியத்தூரம், பெரிதானால் பொருளும் பெரிதாகத் தெரியும்) பார்க்கும் முன் அதன் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று எழுத்துகளைப் பாருங்கள். கேனான் என்றால் ஐஎஸ், நிக்கான் என்றால் விஆர், சோனியில் ஓஎஸ்எஸ், டாம்ரானில் விசி, சிக்மாவில் ஓஎஸ். கை நடுக்கத்தை லென்ஸே சமாளித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்த எழுத்து இல்லாத மலிவு டெலியை, கையில் பிடித்துப் படம் எடுக்கப்போகும் யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காரணம் எளிது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் ஸ்பீட், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ‘ஒன்றின் கீழ் குவியத்தூரம்’ நொடியாகவோ அதைவிட வேகமாகவோ இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. கேனானின் சிறிய (ஏபிஎஸ்-சி) சென்சார் பாடியில், அதாவது கேமரா உடலில், 250 எம்எம் லென்ஸ் 400 எம்எம் போலத் தெரியும், அதனால் 1/400 நொடி தேவை. ஜூம் முழுக்க நீட்டினால் இந்த விலை லென்ஸ்களின் திறப்பு பெரும்பாலும் எஃப்/5.6, எஃப்/6.3 என்றுதான் நிற்கும் (எஃப் எண் பெரிதானால் உள்ளே வரும் வெளிச்சம் குறைவு), மர நிழலிலோ மாலையிலோ 1/400 வேண்டும் என்றால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வை) ஏற்றிக்கொண்டே போக வேண்டும், படம் மணல் தூவியது போல ஆகிவிடும். ஐஎஸ் இருந்தால் உட்கார்ந்திருக்கும் பறவையை 1/100-இலும் எடுக்கலாம். அதைவிட நான் மதிக்கும் பலன் இன்னொன்று: டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டருக்குள் காட்சியே ஆடாமல் நிற்கும், ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்ணில் வைக்க முடியும். ஆனால் பறக்கும் பறவைக்கும் ஓடும் பிள்ளைக்கும் ஐஎஸ் உதவாது, அதற்கு 1/1000, 1/2000 என்று ஷட்டர் ஸ்பீடைத்தான் ஏற்ற வேண்டும். ஒலிம்பஸ், பென்டாக்ஸ் பாடிகள் பலவற்றில் நடுக்கத் தடுப்பு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது, அவற்றுக்கு லென்ஸில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சரி, எவ்வளவு நீளம் வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போதும். பொருளின் அளவைக் குவியத்தூரத்தால் பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுத்தால் சென்சாரில் விழும் உருவத்தின் அளவு வரும். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். பத்து மீட்டரில் உட்கார்ந்திருந்தால் 250 எம்எம்மில் அது சென்சாரில் 7 மி.மீ. நீளத்துக்கு விழும். கேனானின் ஏபிஎஸ்-சி சென்சார் உயரம் ஏறக்குறைய 15 மி.மீ. என்பதால் படத்தின் பாதி உயரம் மீன்கொத்திதான், அருமையான படம். அதே பறவையை 55 எம்எம்மில் எடுத்தால் ஒன்றரை மி.மீ. வரும். இப்போது நூறு மீட்டர் தள்ளி இருக்கும் மஞ்சள் மூக்கு நாரையை எடுத்துக்கொள்வோம், ஒரு மீட்டர் உயரம் என்று வைத்தால் 250-இல் இரண்டரை மி.மீ. மட்டுமே, 300-இல் மூன்று. அதாவது 250-க்கும் 300-க்கும் நடுவே தலையைப் பிய்த்துக்கொள்ள ஒன்றுமில்லை, பத்தடி முன்னால் போக முடிந்தால் அதுவே சில சமயம் பெரிய வித்தியாசம். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் பறவையைப் படம் நிறைய எடுக்க இந்த விலையில் எந்த லென்ஸும் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இனி பெயர் சொல்லியே பேசலாம். கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் ஒன்றே ஒன்றுதான்: இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 2013-இல் வந்தது, எடை 375 கிராம், ஃபோகஸ் வேகமாகவும் சத்தமில்லாமலும் இருக்கும், 250-இல் எஃப்/5.6-இலேயே கூர்மையான படம் தரும். இதற்கு முன்னால் வந்த ஐஎஸ், ஐஎஸ் 2 என்ற இரண்டு பதிப்புகளும் சந்தையில் உண்டு, மோசமில்லை, ஆனால் ஃபோகஸ் மெதுவானது, ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கமும் சுற்றும், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மாட்டினால் தொல்லை. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் எஸ்டிஎம்மையே எடுங்கள். தவிர்க்க வேண்டியது இஎஃப் 75-300. எண் பெரியது, விலை குறைவு, கேமரா செட்டோடு இரண்டாவது லென்ஸாகவும் வரும், ஆனால் ஐஎஸ் கிடையாது, 300-இல் படம் மங்கலாக இருக்கும், வெளிச்சமான வானத்துக்கு எதிரே கிளைகளின் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். புதிய 75-300-ஐ விடச் செகண்ட் ஹேண்டில் வாங்கும் 55-250 எஸ்டிஎம் எவ்வளவோ மேல். நாளைக்கு, உள்ளே கண்ணாடி இல்லாத ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராவுக்குப் போனாலும் அடாப்டர் போட்டு அதே லென்ஸைப் பயன்படுத்தலாம்.

நிக்கானில் கொஞ்சம் கவனம் தேவை, பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 2016-இல் வந்த ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 நல்ல லென்ஸ், எடை குறைவு, ஃபோகஸ் மிக வேகம். ஆனால் அது விஆர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், விஆர் சுவிட்ச் எதிலுமே கிடையாது, பெயரில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்க முடியும். விற்பவர் அனுப்பும் படத்தில் அந்த இடம் தெரியவில்லை என்றால் இன்னொரு படம் கேளுங்கள். அடுத்தது பாடி. ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி3200, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது, கையால் சுற்றினாலும் ஆகாது, ஏனென்றால் அந்த வளையமும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. டி3300, டி5300-இல் ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்தால் ஓடும், டி3400, டி5600-இல் சிக்கல் இல்லை. பழைய பாடி வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-எஸ் 55-200 விஆர், 55-300 விஆர், அல்லது சற்றுக் கனமான ஏஎஃப்-எஸ் 70-300 விஆர் பக்கம் போகலாம். டி3000, டி5000 வரிசைகளில் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால், ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆட்டோஃபோகஸ் வராது.

டாம்ரானிலும் 70-300 என்று இரண்டு உண்டு. ‘மேக்ரோ 1:2’ என்று எழுதிய மிக மலிவானது விசி இல்லாதது, பூச்சி, பூ எடுக்கச் சுவாரசியமாக இருக்கும், பறவைக்கு வேண்டாம். எஸ்பி 70-300 விசி யுஎஸ்டி என்பது முற்றிலும் வேறு லென்ஸ், செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் தைரியமாக எடுக்கலாம். மிரர்லெஸ்ஸில் தேர்வு குறைவு, குழப்பமும் குறைவு: சோனிக்கு 55-210 ஓஎஸ்எஸ், நிக்கான் இசட் டிஎக்ஸுக்கு 50-250 விஆர், கேனான் ஆருக்கு ஆர்எஃப்-எஸ் 55-210. ஒலிம்பஸ் 40-150 வெறும் 190 கிராம்தான், நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் தெரியாது. 420-800 என்று பெரிய எண்ணோடு, ஆட்டோஃபோகஸும் நடுக்கத் தடுப்பும் இல்லாமல் இணையத்தில் விற்கும் குழாய் லென்ஸ்கள் பக்கம் போகவே வேண்டாம்.

உங்கள் தேவை பறவையே இல்லை, பிள்ளையின் ஆண்டு விழா, சபா கச்சேரி, உள்ளரங்க மேடை என்றால் கொஞ்சம் நில்லுங்கள். மேடை வெளிச்சத்தில் எஃப்/5.6 திணறும், ஆடும் குழந்தையை ஐஎஸ் நிறுத்தி வைக்காது. 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதே இடத்தில் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஜூம் கிடையாது, இரண்டாவது மூன்றாவது வரிசையில் இடம் பிடிக்க வேண்டும், ஆனால் படம் கிடைக்கும்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் பாடியையும் ஒரு சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசி ஒன்றும் செய்யாது. கிளை கிளையாகப் பிரிந்து படர்ந்த மெல்லிய நூல் தெரிந்தால் அது ஃபங்கஸ், நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சாதாரணமாக வருவது, விலை பாதியாகக் குறைத்தாலும் விட்டுவிடுங்கள், இந்த விலை லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு கட்டுப்படியாகாது. கண்ணாடி முழுக்க வெண்மையாகப் புகை படிந்தது போல இருந்தாலும் வேண்டாம். அப்புறம் கேமராவில் மாட்டி, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். மெல்லிய ரீங்காரம் கேட்டு, காட்சி ஆட்டம் நின்று அமைதியாக வேண்டும், குதித்தால் ஐஎஸ் போய்விட்டது என்று அர்த்தம். ஜூம் வளையத்தை முழுக்கச் சுற்றும்போது எங்கேயாவது கரகரவென்று இடித்தால் மணல் போயிருக்கும், அல்லது கீழே விழுந்திருக்கும். கடைசியாக ஒரு செங்கல் சுவரையோ, சுவரொட்டியையோ நேருக்கு நேர் நின்று எஃப்/8-இல் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பிரச்சினை இல்லை, ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) பிளாஸ்டிக்காக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 55-250-க்கும் அப்படித்தான், எடைக்கு அது போதும்.

மிச்சப் பணத்தில் லென்ஸின் முனையில் மாட்டும் ஹூட் வாங்குங்கள், பல லென்ஸ்களுக்கு அது பெட்டியில் வராது, சாய்வாக விழும் வெயிலில் படம் வெளிறாமல் காப்பது அதுதான். மலிவு யுவி ஃபில்டர் வேண்டாம், டெலியில் அது கூர்மையைக் கெடுக்கும். காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவும் வாங்கி, படம் எடுக்காத நாள்களில் லென்ஸை அதற்குள் வையுங்கள். தோல் பைக்குள் போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் ஃபங்கஸுக்குப் பிடித்த இடம், குறைந்தது வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.